கொரோனாவின் வெப்பம்: காந்தம் சுமக்கும் ஆற்றல்

சூரியனின் மையத்தில் ஏறத்தாழ 1.5 கோடி டிகிரியாக இருக்கும் வெப்பநிலை, வெளிநோக்கி வர வரக் குறைந்து, கண்ணுக்குப் புலப்படும் மேற்பரப்பான ஒளிக்கோளத்தை அடையும்போது சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் ஆகிவிடுகிறது. அணுக்கரு இணைவு நிகழும் இடத்திலிருந்து விலகும்தோறும் வெப்பம் தணிவது இயல்பே. ஆனால் ஒளிக்கோளத்தின் மேல் படிந்துள்ள நிறக்கோளம் என்னும் அடுக்கையும் கடந்து சில ஆயிரம் கி.மீ. உயரே சென்றதும் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. மிக மெல்லிய ஓர் இடைநிலைப் பகுதிக்குள், பல்லாயிரம் டிகிரியாக இருந்த வெப்பநிலை பத்து லட்சம் டிகிரிக்கு மேல் தாவுகிறது. அதற்கும் அப்பால் பல லட்சம் கி.மீ. தொலைவுக்குப் பரந்து கிடக்கும் கொரோனா என்னும் வெளி வளிமண்டலம் முழுவதும் அந்தக் கடும் வெப்பத்திலேயே நிலைத்திருக்கிறது. குளிர்ந்த பொருளிலிருந்து வெப்பமான பொருளுக்கு வெப்பம் தானாகப் பாயாது என்பது வெப்ப இயக்கவியலின் அடிப்படை விதி என்பதால், ஒளிக்கோளத்தின் வெப்பமே கொரோனாவைச் சூடேற்றுகிறது என்று சொல்ல வழியில்லை. வெப்பமல்லாத வேறொரு வடிவில் ஆற்றல் கீழிருந்து மேலே சென்று, அங்கே வெப்பமாக மாற வேண்டும். அந்த ஆற்றலைச் சுமந்து செல்வது எது, அது எவ்வாறு வெப்பமாகிறது என்ற இரு கேள்விகளும் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரிய இயற்பியலின் மையத்தில் இருந்து வருகின்றன.

கொரோனா இத்தனை வெப்பமானது என்பதே நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. அதன் ஒளி ஒளிக்கோளத்தின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே என்பதால், முழுச் சூரிய கிரகணத்தின்போது சந்திரன் சூரிய வட்டை மறைக்கும் சில நிமிடங்களில் மட்டுமே வானியலாளர்களால் அதைப் பார்க்க முடிந்தது. 1869-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில், சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் ஆகிய இருவரும் தனித்தனியே கொரோனாவின் நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்துக் கிடைக்கும் வண்ண வரிசையில், 530.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1871 டிசம்பரில், நீலகிரியில் உள்ள சோலூரில் கிரகணத்தை ஆராய்ந்த பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சன், கொரோனாவின் நிறமாலையில் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளையும் கண்டறிந்தார். கொரோனா என்பது பூமியின் வளிமண்டலத்திலோ சந்திரனைச் சுற்றியோ தோன்றும் வெறும் ஒளிமயக்கமாக இருக்கலாம் என்று அதுவரை ஐயுற்றவர்களுக்கு, அது சூரியனைச் சேர்ந்த பொருளே என்பதை இந்த அவதானிப்புகள் உறுதி செய்தன.

பச்சைக் கோடு மட்டும் பிடிபடவில்லை. பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்தின் கோட்டோடும் அது பொருந்தாததால், 'கொரோனியம்' என்ற புதுத் தனிமம் ஒன்று கற்பிக்கப்பட்டது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1868 கிரகணத்தையொட்டிச் சூரிய நிறமாலையில் காணப்பட்ட மஞ்சள் கோட்டுக்கும் இவ்வாறே ஹீலியம் என்ற பெயர் சூட்டப்பட்டு, 1895-இல் அந்தத் தனிமம் பூமியிலேயே கண்டுபிடிக்கப்பட்டதால், கொரோனியமும் ஒரு நாள் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருந்தது. தனிம அட்டவணையில் இடைவெளிகள் நிரம்பி, புதுத் தனிமத்துக்கு இடமே இல்லாமல் போனபோதுதான் வேறு விளக்கம் தேடப்பட்டது. ஜெர்மானியரான வால்ட்டர் குரோட்ரியன் 1939-இல் தந்த ஒரு தடயத்தைப் பற்றிக்கொண்டு, ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் பெங்ட் எட்லேன் 1940-களின் தொடக்கத்தில் விடையை நிறுவினார். பச்சைக் கோட்டை உமிழ்வது சாதாரண இரும்பே. ஆனால் தன் 26 எலக்ட்ரான்களில் 13-ஐ இழந்துவிட்ட இரும்பு. ஓர் அணுவிலிருந்து இத்தனை எலக்ட்ரான்களை மோதல்களால் பறிக்க வேண்டுமானால் சூழல் ஏறத்தாழ இருபது லட்சம் டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு புதிர் தீர்ந்த அதே கணத்தில் அதைவிடப் பெரிய புதிர் பிறந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கியாக வேண்டும். கொரோனாவைச் சூடாக வைத்திருக்கப் பேரளவு ஆற்றல் தேவை என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. வெப்பநிலை என்பது துகள்கள் சராசரியாக எத்தனை வேகத்தில் இயங்குகின்றன என்பதன் அளவே தவிர, அங்கே எவ்வளவு வெப்ப ஆற்றல் சேர்ந்திருக்கிறது என்பதன் அளவு அன்று. கொரோனாவில் உள்ள பிளாஸ்மா, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரிந்து கலந்திருக்கும் வாயு, பூமியின் ஆய்வகங்களில் உருவாக்கும் வெற்றிடத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு அடர்த்தி குறைந்தது. ஜார்ஜ் வித்புரோ, ராபர்ட் நாய்ஸ் ஆகியோர் 1977-இல் தொகுத்த கணக்கின்படி, கொரோனாவின் அமைதியான பகுதிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 வாட் ஆற்றலும், கரும்புள்ளிக் கூட்டங்களுக்கு மேலுள்ள கிளர்ந்த பகுதிகளுக்குச் சுமார் 10,000 வாட் ஆற்றலும் இடைவிடாது கிடைத்தால் போதும். ஒளிக்கோளமோ ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஆறு கோடி வாட்டுக்கு மேல் ஒளியாக வெளிவிடுகிறது. ஆற்றலுக்குப் பஞ்சம் என்பது இந்தப் புதிரில் எப்போதும் இருந்ததில்லை. அதைக் கொண்டு சேர்க்கும் வழியும், சேர்ந்த இடத்தில் அதை வெப்பமாக்கும் வழியும்தான் புலப்படாமல் இருந்தன.

முதலில் ஒலி அலைகள் மீது நம்பிக்கை வைக்கப்பட்டது. ஒளிக்கோளத்தின் அடியில் வாயு ஓயாமல் கொதித்துப் புரள்வதால் எழும் ஒலி, மேலே செல்லச் செல்ல அதிர்ச்சி அலையாக வலுத்துக் கொரோனாவைச் சூடேற்றும் என்பது கருத்து. 1970-களில் ஓ.எஸ்.ஓ.-8 செயற்கைக்கோள் அளந்து பார்த்தபோது, கொரோனாவின் அடிவாரத்தை எட்டும் ஒலி அலைகளின் ஆற்றல் தேவையை விட மிகவும் குறைவு என்று தெரிந்தது. எஞ்சியது காந்தப்புலம். சூரியனின் பிளாஸ்மாவும் காந்தப்புலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று நகர்ந்தால் மற்றொன்றும் உடன் நகரும். ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் ஹான்னஸ் ஆல்ஃப்வென் 1942-இல் இந்தப் பிணைப்பிலிருந்து ஒரு புது வகை அலையை வருவித்தார். முறுக்கிக் கட்டிய வீணைத் தந்தியை ஓரிடத்தில் மீட்டினால் அதிர்வு தந்தி நெடுகப் பரவுவது போல, காந்தப்புலக் கோட்டின் அடியை ஒளிக்கோளத்தின் கொந்தளிப்பு அசைக்கும்போது, அந்த அசைவு கோட்டின் வழியே கொரோனாவுக்குள் ஏறிச் செல்லும். 1970-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஆய்வுகளில் இதுவும் அடங்கும். ஆல்ஃப்வென் அலைகள் ஆற்றலை எளிதில் இழக்காமல் நெடுந்தொலைவு செல்லக் கூடியவை. சுமந்து செல்வதற்கு அது பெரும் வசதிதான். ஆனால் சுமந்ததை இறக்கி வைக்க வேண்டிய இடத்தில் அதே குணம் தடையாகிறது.

மாற்று விளக்கத்தை முன்வைத்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் பார்க்கர். இரு முனைகளும் ஒளிக்கோளத்தில் ஊன்றியிருக்கும் காந்தப்புல வளையங்கள், அந்த முனைகள் ஓயாமல் நகர்த்தப்படுவதால் ஒன்றோடொன்று பின்னிச் சிக்குகின்றன. சிக்கல் ஓர் எல்லையைத் தாண்டும்போது எதிரெதிர்த் திசைகொண்ட கோடுகள் அறுந்து புது வகையில் சேர்ந்துகொள்கின்றன. காந்த மறுஇணைவு எனப்படும் இந்நிகழ்வில், முறுக்கத்தில் சேமிக்கப்பட்ட ஆற்றல் திடீரென விடுபடும். பெரிய அளவில் நடந்தால் அது பூமியிலிருந்தே தெரியும் சூரிய வெடிப்பு. அதில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலான நுண்வெடிப்புகள் கொரோனா எங்கும் எப்போதும் நிகழ்ந்துகொண்டிருந்தால், அவற்றின் கூட்டுத்தொகையே வெப்பத்துக்குப் போதும் என்று 1988-இல் அவர் வாதிட்டார். அலைகளா, நுண்வெடிப்புகளா என்று துறை இரண்டாகப் பிரிந்தது.

ஆனால் பார்க்கரின் பெயர் முதலில் நிலைத்தது வேறொரு கருத்தால். பத்து லட்சம் டிகிரி வெப்பமுள்ள வாயுவைச் சூரியனின் ஈர்ப்பு விசையால் கட்டிப்போட முடியாது. கொரோனா வெளிநோக்கி விரிந்து, ஒலியின் வேகத்தை விஞ்சிய ஓட்டமாகக் கோள்களைக் கடந்து வீசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் கணித்தார். அதற்குச் சூரியக் காற்று என்று பெயரிட்டு அவர் அனுப்பிய கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் நிராகரிக்கச் சொன்னார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று சிகாகோவில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர். கருத்து அவருக்கும் உவப்பாக இல்லை. எனினும், மதிப்பீட்டாளர்கள் கணிதத்தில் ஒரு பிழையையும் சுட்டவில்லை என்பதைக் கண்டு, 1958-இல் கட்டுரையை வெளியிட்டார். தனக்கு உடன்பாடில்லாத முடிவையும் அதன் தருக்கத்துக்காக மதித்த அந்தச் செயல், அறிவியல் பதிப்பு வரலாற்றின் உயர்ந்த தருணங்களுள் ஒன்று. அடுத்த ஆண்டே சோவியத் ஒன்றியத்தின் லூனா கலங்கள் அந்தக் காற்றின் துகள்களை உணர்ந்தன. 1962-இல் வெள்ளிக் கோளுக்குச் சென்ற மரைனர்-2 அது ஓயாமல் வீசுவதை வழி நெடுக அளந்து உறுதி செய்தது.

சூரியக் காற்றும் தன் பங்குக்கு ஒரு வெப்பப் புதிரைக் கொண்டுவந்தது. விரியும் வாயு குளிர வேண்டும். ஆனால் பூமிக்கு அருகில் அளக்கப்படும் காற்று, வெறும் விரிவால் குளிர்ந்திருக்க வேண்டிய அளவைவிட மிகவும் வெப்பமாக இருக்கிறது. அதன் வேகமான வகை நொடிக்கு 700 முதல் 800 கி.மீ. வரை எட்டுகிறது, பார்க்கரின் எளிய கணக்கு அத்தனை வேகத்தைத் தராது. ஆகவே கொரோனாவை விட்டு நீங்கிய பிறகும் வழியெங்கும் ஏதோ ஒன்று அதற்கு ஆற்றல் ஊட்டிக்கொண்டிருப்பதாகக் கொள்ள வேண்டியிருந்தது. பூமிக்கு அருகில் வந்து சேரும் காற்றோ, பதினைந்து கோடி கி.மீ. பயணத்தில் தன் தொடக்கத்தின் தடயங்களைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. அது புறப்படும் இடத்துக்கே ஒரு கருவியை அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

நாசா 2018 ஆகஸ்ட் 12 அன்று ஏவிய பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம் அந்தப் பணிக்காகவே உருவானது. உயிருடன் இருக்கும் ஒருவரின் பெயரை நாசா தன் கலத்துக்குச் சூட்டியது அதுவே முதல் முறை. 91 வயதான பார்க்கர் ஏவுதலை நேரில் கண்டார். கலத்தின் முகப்பில் சுமார் 11 செ.மீ. தடிமனுள்ள கார்பன் கவசம் இருக்கிறது. கொரோனாவின் பிளாஸ்மா மிக மெலிந்தது என்பதால் அதன் லட்சக்கணக்கான டிகிரிகளிலிருந்து கவசத்துக்கு வந்து சேரும் வெப்பம் சொற்பமே. சூரிய ஒளிதான் அதைச் சூடேற்றுகிறது. சுமார் 1,400 டிகிரி வரை தாங்கும்படி அமைந்த அதன் நிழலில், கருவிகள் அறை வெப்பநிலையை ஒட்டியே இயங்குகின்றன. வெள்ளிக் கோளின் ஈர்ப்பை ஏழு முறை பயன்படுத்தித் தன் பாதையைச் சுருக்கிச் சுருக்கி, 2024 டிசம்பர் 24 அன்று கலம் ஒளிக்கோளத்துக்கு 61 லட்சம் கி.மீ. அருகில், மணிக்கு 6,92,000 கி.மீ. வேகத்தில் பறந்தது. மனிதன் உருவாக்கிய வேறெந்தப் பொருளும் அத்தனை அருகில் சென்றதில்லை, அத்தனை விரைவாக இயங்கியதுமில்லை.

அதற்கு முன்பே, 2021 ஏப்ரல் 28 அன்று, கலம் ஒரு முக்கியமான எல்லையைக் கடந்திருந்தது. சூரியனுக்குத் திடமான மேற்பரப்பு இல்லாததால், அது எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு இயற்பியல் தரும் விடை ஆல்ஃப்வென் பரப்பு. அந்தப் பரப்புக்கு உள்ளே ஆல்ஃப்வென் அலையின் வேகம் காற்றின் வேகத்தைவிட அதிகம் என்பதால், அலைகள் சூரியனை நோக்கித் திரும்பிச் செல்ல முடியும். பிளாஸ்மா இன்னும் சூரியனின் காந்தப்புலத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும். வெளியே காற்றின் வேகம் விஞ்சிவிடுவதால், அங்கு நிகழும் எதையும் சூரியன் அறிய வழியே இல்லை. ஒளிக்கோளத்துக்கு மேலே 18.8 சூரிய ஆரத் தொலைவில் கலம் இந்தப் பரப்புக்குள் நுழைந்து சில மணி நேரம் இருந்து, வெளியேறி, மீண்டும் நுழைந்தது. பரப்பு வழுவழுப்பான கோளமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருப்பது அதனால் தெரிந்தது. ஜஸ்டின் காஸ்பர் தலைமையிலான குழு இதை 2021 டிசம்பரில் அறிவித்தது. அடுத்த மார்ச்சில் பார்க்கர் தம் 94-ஆம் வயதில் காலமானார்.

கலத்தின் கண்டுபிடிப்புகளில் பெருத்த விவாதத்தை எழுப்பியது, அதன் முதல் நெருக்கத்திலேயே, 2018 நவம்பரில், பதிவான காந்தப்புல மடிப்புகள். சூரியனிலிருந்து வெளிநோக்கி நீள வேண்டிய புலக்கோடுகள் திடீரெனத் திரும்பிச் சூரியனையே நோக்கின. நொடிகளோ நிமிடங்களோ கழிந்ததும் மீண்டும் நேராகின. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் காற்றின் வேகம் தாவி உயர்ந்தது. முந்தைய கலங்களும் இத்தகைய திருப்பங்களை அரிதாகக் கண்டிருந்தன. அருகில் சென்றபோது அவை ஆயிரக்கணக்கில் அடுத்தடுத்து வருவது தெரிந்தது. எதிர்த் துருவப் பகுதியிலிருந்து வந்த வேறு கோடுகளைக் கலம் கடந்துவிட்டதோ என்ற ஐயத்தை எலக்ட்ரான்கள் தீர்த்து வைத்தன. சூரியனிலிருந்து புறப்படும் விரைவு எலக்ட்ரான்கள் எப்போதும் புலக்கோட்டைப் பற்றியே ஓடுகின்றன. கோடு திரும்பிய இடங்களில் அவையும் கூடவே திரும்பியதால், அது ஒரே கோட்டில் விழுந்த மடிப்பு என்பது உறுதியாயிற்று.

மடிப்புகள் கூட்டங் கூட்டமாக வந்தன. ஒரு கூட்டத்தின் அகலத்தைச் சூரியப் பரப்புக்கு ஈடாக்கிப் பார்த்தபோது, அது ஒளிக்கோளத்தில் சுமார் 30,000 கி.மீ. அகலத்துக்கு எழுந்து பரவும் பெருஞ்சுழற்சிக் கலங்களின் அளவோடு ஒத்திருந்தது. அந்தச் சுழற்சிக் கலங்களின் ஓரங்களில்தான் காந்தப்புலம் ஒதுக்கப்பட்டுக் குவிகிறது. விண்வெளிக்குத் திறந்த கோடுகளும் குட்டையான மூடிய வளையங்களும் அங்கே உரசி மறுஇணைவு கொள்கின்றன. ஸ்டூவர்ட் பேல் தலைமையிலான குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு, புலக்கோடுகள் விண்வெளிக்குத் திறந்து கிடக்கும் கொரோனாத் துளைகளின் அடியில் இவ்வாறு நிகழும் மறுஇணைவே வேகமான சூரியக் காற்றைச் செலுத்துகிறது என்று வாதிட்டது. அந்த ஓட்டங்களில் வழக்கத்துக்கு மிஞ்சிய ஆற்றலுடைய அயனிகள் கலந்திருந்தது அதற்குச் சான்று. மடிப்புகள் அடிவாரத்திலேயே உருவாகின்றனவா, அல்லது வழியில் அலைகள் பெருத்து மடிகின்றனவா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

அவை எங்கே பிறந்தாலும் என்ன செய்கின்றன என்பது 2022 பிப்ரவரியில் வாய்த்த ஓர் அரிய சீரமைவால் தெளிந்தது. பார்க்கர் கலம் சூரியனுக்கு மிக அருகில் அளந்த அதே காற்றோட்டம், இரண்டு நாட்களுக்குள், ஐரோப்பிய விண்வெளி முகமை 2020-இல் ஏவிய சோலார் ஆர்பிட்டர் கலத்தையும் வெள்ளிக் கோளின் சுற்றுப்பாதை அருகே கடந்து சென்றது. யேமி ரிவேரா உள்ளிட்டோர் 2024-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், முதல் இடத்தில் காற்றின் மொத்த ஆற்றலில் சுமார் பத்து விழுக்காடு ஆல்ஃப்வென் அலைகளின் மடிப்புகளில் இருந்தது. இரண்டாம் இடத்தில் அது ஒரு விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. காற்றோ இடையில் வேகம் கூடியிருந்தது. எதிர்பார்த்த அளவுக்குக் குளிரவும் இல்லை. அலைகள் இழந்த ஆற்றலும் காற்று பெற்ற ஆற்றலும் கணக்கில் பொருந்தின. அறுபது ஆண்டுகளாகக் கோட்பாட்டின் துணையால் மட்டுமே சொல்லப்பட்டு வந்ததை ஒரே ஓட்டத்தின் இரு முனைகளிலும் நின்று அளந்து காட்டியது பெரும் சாதனை. இந்த முடிவுகளைச் சேர்த்து நோக்கும்போது, அலையா நுண்வெடிப்பா என்ற பழைய பிரிவினை தன் கூர்மையை இழக்கிறது. அடிவாரத்தில் மறுஇணைவு ஆற்றலை விடுவிக்கிறது. அதில் ஒரு பகுதி அலையாகி வெளியே பயணம் செய்கிறது. அலை சிதைந்து காற்றைச் சூடேற்றி முடுக்குகிறது. போட்டியாளர்களாகக் கருதப்பட்ட இரண்டும் ஒரே சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகளாக இருக்கக் கூடும்.

அடிவாரத்தில் நடப்பதைச் சோலார் ஆர்பிட்டரின் புறஊதாப் படங்கள் காட்டின. 2020 மே மாதம் 7.7 கோடி கி.மீ. தொலைவிலிருந்து எடுத்த படங்களில், சில நூறு முதல் சில ஆயிரம் கி.மீ. வரை அளவுள்ள எண்ணற்ற ஒளித்தெறிப்புகள் தெரிந்தன. 2023-இல் லட்சுமி பிரதீப் சிட்டா தலைமையிலான குழு, தென் துருவத்துக்கு அருகிலுள்ள ஒரு கொரோனாத் துளையில், ஒரு நிமிட அளவே நீடித்து நொடிக்கு 100 கி.மீ. வேகத்தில் பிளாஸ்மாவை வீசும் மிகச் சிறிய தாரைகளைக் கண்டறிந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட இரு முயற்சிகளும் இந்த ஆய்வில் சேர்ந்துள்ளன. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிலைகொண்டிருக்கும் ஆதித்யா-எல்1 கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. அதன் முதன்மைக் கருவியான கொரோனாமானியை, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்தி வரும் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கியது. சூரிய வட்டின் விளிம்பை ஒட்டிய உட்கொரோனாவை அது இரும்பு அயனிகளின் ஒளியில் ஆராய்கிறது. 2024 டிசம்பரில் இந்திய ஏவூர்தியில் சென்ற ஐரோப்பிய புரோபா-3, 150 மீட்டர் இடைவெளியில் துல்லியமாக அணிவகுக்கும் இரு கலங்களைக் கொண்டது. ஒன்றன் நிழல் மற்றொன்றின் மேல் விழும்படி செய்து, மணிக்கணக்கில் நீடிக்கும் செயற்கைக் கிரகணத்தை அது உருவாக்குகிறது.

இவையெல்லாம் திறந்த புலக்கோடுகளின் கதையைப் பெரிதும் தெளிவாக்கியிருக்கின்றன. மூடிய வளையங்களின் கதை வேறு. சதுர மீட்டருக்கு 10,000 வாட் வேண்டும் கிளர்ந்த பகுதிகள் ஒளிக்கோளத்தை ஒட்டியே இருக்கின்றன. எந்தக் கவசமும் ஒரு கலத்தை அங்கே கொண்டு செல்லாது. ஹவாய்த் தீவான மௌயியில் உள்ள நான்கு மீட்டர் டேனியல் இனோயே தொலைநோக்கி மூலம் ரிச்சர்ட் மார்ட்டன் குழுவினர் 2025-இல் கொரோனாவில் முறுக்கு வகை ஆல்ஃப்வென் அலைகளை நேரடியாகக் கண்டிருப்பது அலைகளின் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. நுண்வெடிப்புகளின் பக்கத்தில், பார்க்கரின் கணிப்பு சரியென்றால், ஒவ்வொரு வெடிப்பும் ஒரு மெல்லிய இழையைச் சிறிது நேரம் ஒரு கோடி டிகிரி அளவுக்குச் சூடேற்றிவிட்டே குளிர வேண்டும். 2013-இல் நாசாவின் யூனிஸ் ஆய்வு ஏவூர்தி, பெரிய வெடிப்பு எதுவும் இல்லாத ஒரு கிளர்ந்த பகுதியில், சுமார் 90 லட்சம் டிகிரி பிளாஸ்மாவின் மங்கலான ஒளியைச் சில நிமிடப் பறத்தலில் பதிவு செய்தது. அந்த ஒளி ஒவ்வோர் இழையிலும் எத்தனை நொடிக்கு ஒரு முறை எழுகிறது என்பதை எண்ணுவதற்கு, ஒரே நேரத்தில் பல பிளவுகளின் வழியே நிறமாலை எடுக்கும் மியூஸ் என்ற செயற்கைக்கோளை நாசா உருவாக்கி வருகிறது.